உடலும் உடுப்பும்

தாயகத்தை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் மொழியைப் பற்றிப் பேசுவார்கள்; உணவைப் பற்றிப் பேசுவார்கள். உடையைப் பற்றிப் பேச்சு வந்தால், எது நம்முடைய உடை, எது அயலாருடைய உடை என்ற அளவிலேயே அது நின்றுவிடும். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அதனின்று சற்று வேறானது. ஆடவர் உடையும் மகளிர் உடையும் ஏன் வெவ்வேறு விதமாக வெட்டப்படுகின்றன? அந்த வெட்டு உடலோடு பொருந்தாதபோது பழி யார் மீது விழுகிறது? இவ்விரண்டு வினாக்களே இன்றையப் பேச்சின் பொருள். கேட்பதற்கு இது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆயினும், வளரும் பிள்ளைகள் தங்கள் உடலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

நான் வாழும் புனே நகரம் இதைச் சிந்திப்பதற்கு ஏற்ற இடம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ராஸ்தா பேட்டையிலிருந்து லட்சுமி சாலைத் துணிக்கடைகள் அதிக தூரமில்லை. அந்தச் சாலையில் ஒரே நேரத்தில் மூன்று காலத்து உடைகளைக் காணலாம். ஒன்பது கஜப் புடவையைக் கச்சம் வைத்து உடுத்திய மூதாட்டி ஒருத்தி. ஆறு கஜப் புடவையும் ரவிக்கையும் அணிந்த அவள் மருமகள். கால்சட்டையும் சட்டையும் அணிந்த பேத்தி. இம்மூன்று உடைகளும் உடலை மூன்று விதமாக நடத்துகின்றன.

முதலில் ஒன்பது கஜப் புடவையை எடுத்துக்கொள்வோம். மராட்டியர் இதை நவ்வாரி என்பார்கள். பின்புறம் செருகும் கச்சத்துக்குக் காஷ்டா என்று பெயர். நம் நாட்டில் பிராமணக் குடும்பத்துப் பெண்கள் உடுத்தும் மடிசாரும் ஏறக்குறைய இதே நீளம். அதிலும் கச்சம் உண்டு. ஆனால் மகாராஷ்டிரத்தில் நவ்வாரி ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. வயலில் வேலை செய்யும் பெண்ணும், மீன் விற்கும் கோலிப் பெண்ணும், வைதிகக் குடும்பத்து இல்லத்தரசியும் தத்தமக்கேற்ற கட்டில் அதை உடுத்திவந்தார்கள். சுமார் எட்டேகால் மீட்டர் நீளமுள்ள அத்துணியில் தையல் இல்லை. எனவே அளவும் இல்லை. பருத்தவள் கொசுவத்தைக் குறைத்துக்கொள்வாள், மெலிந்தவள் கூட்டிக்கொள்வாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த பின்பும், முதுமையில் உடல் தளர்ந்தபோதும் அதே துணி அவளுக்குப் பொருந்தியது. ஆடவரின் பஞ்சகச்சமும் இவ்விதமே. உடுத்துகிறவர் கையில்தான் அதன் பொருத்தம் இருந்தது.

இப்படிச் சொல்வதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தைக்காத துணியும் உடல் மீது தீர்ப்பு எழுதியதுண்டு. கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்து, அவளுக்கென்று ஒரு நிறத்தையும் ஒரு கட்டையும் சமூகம் விதித்தது. மகாராஷ்டிரத்தில் அது செந்நிறப் புடவையாக இருந்தது. நம்மிடையே நார்மடியாக இருந்தது. பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனம் அடுத்த ஆண்டு புனேவுக்கு வந்தது. தோண்டோ கேசவ கார்வே 1893-இல் ஒரு விதவையை மணந்து, 1896-இல் விதவைகளுக்கு ஓர் இல்லத்தை நிறுவினார். சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி அதே பணியை மேற்கொண்டார். இவர்களுடைய தொண்டைக் கல்வித் தொண்டு என்கிறோம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதற்கே கூசும்படி செய்யப்பட்ட பெண்ணுக்கு அவள் உடலை மீட்டுத் தந்த தொண்டு என்றும் அதைச் சொல்லலாம்.

தையல் எப்படி வந்தது? வங்காளத்து ஞானதாநந்தினி தேவி 1864-இல் தம் கணவர் சத்யேந்திரநாத தாகூருடன் பம்பாய்க்கு வந்தார். பார்சிப் பெண்கள் புடவை உடுத்தும் முறையைக் கண்டு அதை மேற்கொண்டார்; ரவிக்கையையும் உள்பாவாடையையும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு வெளியே நடமாடப் புறப்பட்ட பெண்ணுக்கு அப்படி ஓர் உடை தேவையாயிற்று.

புனேயின் வரலாற்றோடு பிணைந்த இன்னொருவர் ஆனந்திபாய் ஜோஷி. 1883-இல் அமெரிக்கா சென்று, பிலடெல்பியாவிலுள்ள மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1886-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். தாய்நாடு திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், இருபத்தோராம் வயதில் புனேயில் காலமானார். அந்நிய நாட்டிலும் அவர் புடவையை விடவில்லை. ஆனால் நவ்வாரிக் கட்டு காலை முழுதும் மூடாது. அங்கே குளிரோ கடுமை. எனவே குஜராத்திப் பெண்களின் கட்டுக்கு மாறிக்கொண்டார். 1885-இல் அவரும், ஜப்பானைச் சேர்ந்த கெய் ஒகாமியும், சிரியாவைச் சேர்ந்த சபாத் இஸ்லாம்பூலியும் அவரவர் நாட்டு உடையில் அமர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் புகழ்பெற்று விளங்குகிறது. குளிருக்கும் மானத்துக்கும் வேலைக்கும் ஏற்றபடி உடையை மாற்றிக்கொண்டார். உடையின் பொருட்டுத் தம் உடலைக் குறை கூறிக்கொள்ளவில்லை. இந்த ஒழுங்குதான் பின்னாளில் தலைகீழாயிற்று.

இனி வெட்டுக்கு வருவோம். தையற்காரரிடம் கேட்டால், ஆடவர் சட்டைக்கும் மகளிர் ரவிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். சட்டை தட்டையான துணியைத் தட்டையாகவே இணைப்பது. ரவிக்கை தட்டையான துணியை வளைவாக்குவது. சட்டைக்குக் கழுத்து, தோள், மார்பு, கை நீளம் ஆகியவை பெரும்பாலும் போதும். ரவிக்கைக்கு மார்புச் சுற்று, அதற்குக் கீழுள்ள சுற்று, கைக்குழி, முன் இறக்கம், பின் இறக்கம், தோள் அகலம் என்று அளவுகள் நீளும். துணியைக் கூம்பாக மடித்து ‘டாட்’ பிடிக்க வேண்டும். சிலர் துணியைக் குறுக்கே சாய்த்து வெட்டுவார்கள். அப்படி வெட்டிய துணி சற்று இழுபட்டுக் கொடுக்கும். கால்சட்டையிலும் இதே கதைதான். மகளிருக்கு இடை சிறுத்தும் இடுப்பு அகன்றும் இருப்பது இயல்பு. ஆடவர் வெட்டில் தைத்த கால்சட்டை இடுப்பில் சரியாக இருந்தால் இடையில் தொளதொளக்கும். இடையில் சரியாக இருந்தால் இடுப்பில் ஏறாது.

இவை உடலால் வந்த வேறுபாடுகள். இவற்றோடு, வழக்கத்தால் மட்டும் வந்த வேறுபாடுகளும் உண்டு. மேனாட்டு வழக்கப்படி ஆடவர் சட்டைக்குப் பொத்தான் வலப்பக்கம். மகளிர் சட்டைக்கு இடப்பக்கம். எந்த உடற்கூற்று நூலும் இதற்குக் காரணம் கூறாது. ஆடவருக்கு நான்கு ஐந்து ஜேபிகள் உண்டு. பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் இரண்டு விரல் நுழையும் அளவே இருக்கும். நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப் பை செருகியிருந்தார்கள். பணமும் சாவியும் தன்னிடமே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே, தேவையான வேறுபாடு எது, தேவையற்ற வேறுபாடு எது என்று பிரித்தறிவது நல்லது. டாட் உடலுக்காகப் பிடிக்கப்படுவது. ஜேபியைப் பறித்ததோ வழக்கம்.

அடுத்து வந்தது ஆயத்த உடை. 1851-இல் சிங்கர் தையல் இயந்திரம் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 1863-இல் பட்டரிக் என்பவர் பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது ஆயிரக்கணக்கான போர்வீரர்களுக்குச் சீருடை வேண்டியிருந்தது. அவர்களை அளந்து கண்டதிலிருந்து ஆடவர் அளவுகள் ஒழுங்குபட்டன. எனவேதான் இன்றும் ஆடவர் சட்டையின் அளவு அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ குறிக்கப்படுகிறது. நாற்பது என்றால் நாற்பது அங்குலம். மகளிருக்கு அவ்வாறு நடக்கவில்லை. 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க அரசாங்கம் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரையும் 59 இடங்களில் அளந்தது. அந்த அளவுகளை ஆதாரமாகக் கொண்டு 1958-இல் ஒரு தர அளவுமுறை வெளியாயிற்று. அதில் கொடுத்த எண்கள் அங்குலத்தைச் சுட்டவில்லை. வெறும் வரிசை எண்களாகவே இருந்தன. பிற்பாடு அந்த அளவுமுறையும் 1983-இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் பின் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி எண்களை இட்டுக்கொண்டது. ஒரு கடையில் பத்தாம் எண் பொருந்தும் பெண்ணுக்கு அடுத்த கடையில் பதினான்காம் எண்ணும் போதாமற் போவது இதனால்தான்.

அந்த அளவுகளின் நிழல் நம் நாட்டுக் கடைகளிலும் படிந்திருக்கிறது. வெளிநாட்டு உடல்களை அளந்து செய்த அட்டவணைகளைச் சிறிது திருத்தி ‘எஸ்’, ‘எம்’, ‘எல்’ என்று இங்கே ஒட்டிவிடுகிறார்கள். நம் திருப்பூர்த் தொழிலாளர்களோ அமெரிக்கரின் தோளுக்கும் ஐரோப்பியரின் இடுப்புக்கும் பிசகாமல் தைத்து அனுப்புகிறார்கள். அதைத் தைக்கும் பெண் தன் மகளுக்குப் பண்டிகைக்கு வாங்கும் உடை எவருடைய அளவில் வெட்டப்பட்டதோ அவளுக்குத் தெரியாது.

பொருத்தம் என்ற நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவனுக்குச் சொற்களைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் விடாது. தமிழில் பொருத்தம் பார்ப்பதென்றால் இரு தரப்பையும் பார்ப்பது என்றே பொருள். ஒரு ஜாதகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவரும் பொருத்தம் பார்ப்பதில்லை. ஆனால் துணிக்கடையின் திரை மறைவில் ஒரு தரப்பே விசாரிக்கப்படுகிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கால்சட்டையைப் போட்டுப் பார்க்கிறாள்; அது ஏறவில்லை. ‘வெட்டுச் சரியில்லை’ என்று அவள் சொல்வதில்லை. ‘என் இடுப்புச் சரியில்லை’ என்கிறாள். வெளியே நிற்கும் தாயோ, ‘சற்று இளைத்தால் சரியாய்ப் போகும்’ என்று ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு அந்தத் தீர்ப்பை உறுதிசெய்கிறாள். பையன்களும் தப்புவதில்லை. தோள் குறுகியவனும், குட்டையானவனும், பருத்தவனும் தொங்கும் கைகளையும் பிதுங்கும் பொத்தான்களையும் கண்டு தம்மையே நொந்துகொள்கிறார்கள். ஆண்பிள்ளை இதைப் பேசக்கூடாது என்ற வழக்கம் வேறு அவர்கள் வாயை அடைத்துவிடுகிறது.

ஆனால் சராசரி உடல் என்று ஒன்று உண்டா? இதற்கு இரண்டு சான்றுகளைக் கூறுகிறேன். 1945-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு விநோதப் போட்டி நடந்தது. ஆயிரக்கணக்கான இளம் பெண்களின் அளவுகளைச் சராசரி கண்டு வடித்த ‘நார்மா’ என்ற சிலைக்கு எந்தப் பெண்ணின் உடல் முற்றும் ஒத்திருக்கிறது என்பதே போட்டி. 3,864 பெண்கள் தங்கள் அளவுகளை அனுப்பினார்கள். ஒன்பது அளவுகளிலும் சிலையை ஒத்த பெண் ஒருத்தியும் இல்லை. அடுத்தது விமானப்படை. 1950-இல் அந்நாட்டு விமானிகள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் அளக்கப்பட்டார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அவற்றில் பத்து அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். பத்திலும் சராசரியாக இருந்த விமானி ஒருவரும் இல்லை.

இரண்டிலும் கிடைத்த உண்மை ஒன்றே. பெறப்பட்ட பாடங்களோ வேறு. விமானிகள் விஷயத்தில், ‘ஆசனத்தை மாற்று’ என்றார்கள். முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கைகள் வந்தன. பெண்கள் விஷயத்தில், இக்காலப் பெண்களின் உடல்நிலை தேய்ந்துவிட்டது, அவர்கள் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். ஆடவனுக்குப் பொருந்தாதபோது குற்றம் பொருளுடையது. பெண்ணுக்குப் பொருந்தாதபோது குற்றம் பெண்ணுடையது. இன்றையப் பேச்சின் சாரம் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

அளப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. புனே டெக்கான் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே வாழ்நாளெல்லாம் மனித உடலை அளந்தவர். தோண்டோ கேசவ கார்வேயின் மருமகள் அவர். இளமையில் பெர்லின் நகரில் மண்டையோடுகளை அளந்து ஆராய்ந்தார். ஓர் இனத்தை உயர்ந்தது என்று காட்டும் முடிவை அவருடைய ஆசிரியர் எதிர்பார்த்தார். தம் அளவுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். உடல்கள் வேறுபடும் என்று அளவு சொல்லும். எது மேல், எது கீழ் என்று சொல்லாது. அளவுநாடா சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியது. அதை நீதிபதியின் ஆசனத்தில் ஏற்றிவிடக் கூடாது.

பொருந்தாத உடை மனத்தை மட்டும் வருத்துவதில்லை, வேலையையும் தடுக்கும். 2019 மார்ச் மாதத்தில் விண்வெளி நிலையத்திலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே சென்று பணியாற்றுவதாக இருந்தது. இருவருக்கும் நடுத்தர அளவு மார்புக் கவசமே பொருந்தியது. ஆனால் பயன்படுத்தத் தயாராக இருந்ததோ ஒன்றுதான். ஒருவருக்குப் பதில் ஆடவர் ஒருவர் சென்றார். இரு பெண்கள் சேர்ந்து அவ்வாறு சென்றது அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில்தான் நிறைவேறிற்று. அத்தனை அறிவும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் ஓர் உடுப்பின் அளவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் தேசிய பாதுகாப்புக் கழகம் இருக்கிறது. 1955 முதல் அங்கே இயங்கிவரும் அக்கழகத்தில் ஆண்கள் மட்டுமே பயின்றார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் பெண்களுக்கும் கதவு திறந்தது. 2022-இல் சேர்ந்த முதல் அணியினரில் பதினேழு பெண்கள் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளிவந்தார்கள். சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே சீருடை என்று தோன்றும். தோற்றம் ஒன்றாக இருக்கலாம். வெட்டு ஒன்றாக இருந்தால் அது சமத்துவமாகாது. ஆடவர் மார்புக்கென்று தட்டையாகச் செய்த கவசம் பெண்ணுடலில் ஒட்டாது. இடுக்கு விழும் இடத்தில் அது கவசமே அன்று. முன்பு ஜேபியைக் குறித்துச் சொன்னேன்: தேவையற்ற இடத்தில் வேறுபாடு காட்டுவது அநீதி. இங்கே மறுபுறத்தைக் காண்கிறோம்: தேவையான இடத்தில் வேறுபாடு காட்ட மறுப்பதும் அநீதியே.

நம் நாட்டிலும் விழிப்பு ஏற்பட்டிருக்கிறது. இந்தியருக்கென்று ஓர் அளவு அட்டவணை வகுக்கும் திட்டத்தை 2018-இல் அறிவித்தார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில், தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 ஆடவரையும் பெண்டிரையும் ஆறு நகரங்களில் ஒளிக்கருவிகளால் அளக்கும் பொறுப்பை ஏற்றது. நல்ல முயற்சி. ஆயினும் எந்த அட்டவணையும் பலருக்கு அண்மையில் வரும். எல்லோருக்கும் முற்றும் பொருந்திவிடாது. ‘ஃப்ரீ சைஸ்’ என்று எழுதிய உடையை வாங்கி அணிந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அது எவருக்கும் சரியாகப் பொருந்தாத அளவு!

அப்படியானால் நாம் செய்யத் தக்கது என்ன? மூன்றே காரியங்கள். ஒன்று, ஆணோ பெண்ணோ, பிள்ளைகளின் உடல் அளவுகளை அங்குலக் கணக்கில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எண் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் கடைக்காரன் ஒட்டிய எழுத்து அவர்களை மிரட்டாது. இரண்டு, தையற்காரரைக் கைவிடாதீர்கள். ஆயத்த உடை வாங்கினாலும் இடையைப் பிடிக்கவும், கையைக் குறைக்கவும், ஜேபி வைக்கவும் அவரிடம் கொடுக்கலாம். புதிதாகத் தைக்கும்போது உள்ளே சற்றுத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடல் மாறும், மாறுவது அதன் இயல்பு. மூன்றாவது செலவில்லாதது, எனினும் அரியது. உடை பொருந்தாதபோது, ‘உடை சரியில்லை’ என்று சொல்லப் பழகுங்கள். ‘குண்டு’, ‘ஒல்லி’, ‘குட்டை’ என்ற சொற்களைத் துணிக்கடை வாசலிலேயே விட்டுவிடுங்கள். வெளியூரில் வளரும் பிள்ளைக்கு நிறம், மொழி, உச்சரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வெளியார் அளவு வைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்குள்ளாவது அப்பிள்ளை அளவுக்கு உட்படாமல் நிற்கட்டும்.

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று நம்மவர் சொல்வதுண்டு. கணக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் இரண்டு பாதியும் சேராதபோது எந்தப் பாதியை வெட்டித் தைக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இருக்கக் கூடாது. கத்தரிக்கோல் துணிக்காகச் செய்யப்பட்டது.